பிசிறு எடுக்காத சாவி

அன்று பிற்பகல் அந்த வீட்டில் இருந்தவர்கள்:

அம்மா. பூட்டு சாவிக் கடை வைத்திருப்பவள். கடைக்கு வாரத்தில் ஒருநாள் அரைநாள் விடுமுறை. இன்று அந்த நாள்.

மகள். ஏழாம் வகுப்பு. எதையும் குடைந்து பார்க்காமல் விடமாட்டாள், அதனால் வீட்டில் பெயர் 'எலி'.

அப்பா. பஸ் டிரைவர். இரவு டியூட்டி முடித்து வந்து உள்ளறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அரை ஆள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் இரண்டு பேர் உண்டு. அவர்கள் இருந்தது எலியின் டேப்லெட்டுக்குள். ஒருவர் பெயர் 'வெள்ளைப்பூனை'. இன்னொருவர் 'வானவில் அக்கா'.

சாவி செய்வதை வீடியோ எடுத்துப் போட வேண்டும் என்று எலி ஒற்றைக்காலில் நின்றதும், அம்மா மூன்று நிபந்தனைகளோடு இறங்கி வந்ததும் எல்லா வீட்டிலும் நடக்கிற கதைதான். முகம் காட்டக்கூடாது. பெயர் சொல்லக்கூடாது. டேப்லெட் கூடத்தைத் தாண்டக்கூடாது. ஏதாவது தப்பு நடந்தால் டேப்லெட் கடையின் இரும்புப் பெட்டிக்குப் போய்விடும்.

அப்போது குறுக்கே விழுந்து தடுத்தவன் அம்மாவின் தம்பி. அதே கடையில்தான் வேலை பார்க்கிறான். பேசத் தொடங்கினால் எதிராளி எழுந்து போகும்வரை விடமாட்டான் என்பதால் அவனுக்கு 'வக்கீல்' என்று பெயர்.

"வேணாம்க்கா. இந்தப் பொண்ணு எவன் கேட்டாலும் எல்லாத்தையும் கொட்டிடும்" என்று வாதாடினான். தோற்றான். தோற்ற கடுப்பில் வீட்டு வைஃபையில் ஏதோ ஒரு வடிகட்டியைப் போட்டுக்கொடுத்து, "இனிமே கெட்டது எதுவும் உள்ள வராது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

உள்ளே வருவதைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்பட்டார்கள். வெளியே போவதைப் பற்றி ஒருத்தரும் யோசிக்கவில்லை.

கூடத்துத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, யாரோ கொண்டுவந்து கொடுத்த துருப்பிடித்த பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள் அம்மா. காலையில் தம்பியோடு போட்ட சண்டை இன்னும் ஆறவில்லை. எப்போதும் ஒரே சண்டைதான். சாவியை மெஷினிலிருந்து எடுத்து அப்படியே வாடிக்கையாளர் கையில் நீட்டுவான். வெட்டின ஓரத்தில் முள் மாதிரி நிற்கும் பிசிறை அரம் போட்டு எடுக்கமாட்டான். "சாவி திறக்குதுல்ல? அப்புறம் என்ன?" என்பான். திறக்கும். கூடவே பூட்டையும் அரித்துத் தின்னும்.

எலி வந்து எதிரில் உட்கார்ந்தாள். டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"ஒரு ஆளு கடைக்கு வந்து, எனக்கு இந்தச் சாவி போட்டுக் குடுங்க, ஆனா யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னா நீ என்ன பண்ணுவ?"

"இதென்ன புதுசா? போட மாட்டேன். 'சொல்லாதீங்க'ன்னு சொல்ற ஆளுக்குச் சாவி கிடையாது. நம்ம கடையில முதல் சட்டமே அதுதானே."

"ரொம்ப அன்பாப் பேசினாலும்?"

"அன்பாப் பேசினா வாசல்லயே நிறுத்திடுவேன்."

எலி கொஞ்சம் யோசித்தாள். பிறகு டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"அப்ப இதைப் படி."

அம்மா எண்ணெய்க் கையைச் சட்டென்று புடவையில் துடைத்துக்கொண்டு படித்தாள்.

வானவில் அக்கா எழுதியிருந்தது: 'நாளைக்கு ஸ்கூல் விட்டு வந்ததும் வீடியோ கால்ல பேசலாமா செல்லம்? அம்மா வர்றதுக்குள்ள. அம்மாகிட்ட சொல்லிடாத. இது நம்ம ரெண்டு பேரு ரகசியம்.'

அம்மா விரலால் மேலே தள்ளினாள். அதற்கு முன் நாலைந்து நாட்களாக ஓடிய பேச்சு. பிடித்த நிறம், பிடிக்காத டீச்சர். நடுவில் ஒரு கேள்வி: 'ஸ்கூல் விட்டு வந்தா வீட்ல யாரு இருப்பாங்க?'

எலியின் பதில்: 'அப்பாவுக்குப் பகல் டியூட்டி இருந்தா யாரும் இல்ல. அம்மா கடை மூடிட்டுத்தான் வருவாங்க.'

அடுத்த நொடி அவள் கை டேப்லெட்டின் ஒரு முனையைப் பற்றியிருந்தது. மறுமுனையை எலி விடவில்லை.

"பெட்டியில வைக்கப்போறியா?"

"விடுடி."

"பெட்டியிலதானே?"

"விடுன்னா விடு!"

"நானாத்தானே வந்து சொன்னேன்!" எலியின் குரல் உடைந்தது. "நீயாவா கண்டுபிடிச்ச? நான் சொல்லாம இருந்திருந்தா உனக்குத் தெரிஞ்சே இருக்காது!"

உண்மை. அம்மாவுக்குச் சுருக்கென்றது. அதே நொடியில் இன்னொன்றும் தெரிந்தது. இப்போது இதைப் பிடுங்கினால் அடுத்த முறை இந்தப் பெண் வந்து சொல்லாது. கடைக்கு வருகிறவனிடம் "சாவியை எப்படிடா தொலைச்ச?" என்று பாய்ந்தால் அவன் மறுபடி வரமாட்டான், வீட்டில் கதவை உடைத்துக்கொள்வான். வாடிக்கையாளருக்கு அம்மா காட்டும் பொறுமையில் பாதியைக்கூட மகளிடம் காட்டியதில்லை.

கையை எடுத்தாள். சுலபமாக எடுக்கவில்லை. ஒவ்வொரு விரலாக.

"வைக்கல."

"நிஜமா?"

"நிஜமா. ஆனா ஒண்ணு விடாம எல்லாத்தையும் காட்டணும். நடுவுல நான் கத்துவேன். கத்துறது வேற, பிடுங்குறது வேற."

"கத்து. அது எனக்குப் பழக்கந்தான்" என்று மூக்கை உறிஞ்சினாள் எலி.

இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். எலி தன் இரண்டாவது வீடியோவைத் திறந்தாள். கீழே வெள்ளைப்பூனையின் பாராட்டு: 'கலக்கிட்ட! போன வீடியோல சாவிப் பல்லைக் கிட்டக் காட்டுன்னு கேட்டேன், உடனே காட்டிட்டியே! வெரி குட்!'

"யாரு இந்தப் பூனை?"

"முதல்ல சேர்ந்த ஆளு. எல்லா வீடியோவுக்கும் கைதட்டும். அதனாலதான் கேட்டதும் காட்டினேன்."

வீடியோ ஓடியது. மேசை விளக்கு வெளிச்சத்தில் ஒரு பித்தளைச் சாவி திரையை அடைத்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு பல்லும், ஒவ்வொரு பள்ளமும், பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேலும். அளவு தெரியட்டும் என்று எலியே வைத்தது.

அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. "எலி, இது யாரு சாவி?"

"நம்ம வீட்டு வாசல் சாவி."

"நம்ம சாவியவா காட்டின?"

"நீதானே சொன்ன, வாடிக்கையாளர் சாவியைத் தொடவே கூடாதுன்னு! அதான் நம்மளோடதை எடுத்தேன்!"

அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் வீடியோவிலிருந்து அவள் குரலே வந்தது, பெருமை வழிய:

'கொஞ்சம் சாய்ச்சுப் பிடி எலி, பல்லு சரியாத் தெரியல. ஆங், அப்படி!'

விளக்கைப் பிடித்திருந்தது அவள்தான். மகள் தொழிலை இவ்வளவு அழகாகப் படம் பிடிக்கிறாளே என்று அன்று முழுக்க நெஞ்சு நிமிர்த்தித் திரிந்தவளும் அவள்தான்.

"எனக்கு மட்டும் இந்த வீடியோ கிடைச்சா, அந்த வீட்டு ஆளுங்க பல்லு விளக்கி முடிக்கிறதுக்குள்ள மாத்துச் சாவி போட்டுடுவேன்" என்றாள் அம்மா.

"அப்ப நம்ம வீட்டுக் கதவு...?"

"கதவு இருக்கு. பூட்டு இல்லாத மாதிரிதான்."

எலியின் கண்கள் விரிந்தன. பயம் பாதி. மீதி என்னவென்று அம்மாவுக்குத் தெரியும். அவளுக்குள்ளும் அதே குறுகுறுப்பு ஓடிக்கொண்டிருந்தது. சிக்கலான பூட்டு ஒன்று கைக்கு வந்தால் வருமே, அந்தத் துடிப்பு.

"சரி. இப்ப நீதான் திருடி" என்றாள். "உனக்கு இந்த வீட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது. கையில இந்த வீடியோ மட்டும் இருக்கு. என்னென்ன தெரியுது, சொல்லு பாப்போம்."

எலி பாய்ந்து டேப்லெட்டை மடியில் இழுத்துக்கொண்டாள். ஓடவிட்டாள், நிறுத்தினாள், பின்னால் இழுத்தாள்.

"அம்மா! காலண்டர்! அப்பாவோட நைட் டியூட்டி நாளுக்கெல்லாம் சிவப்பு வட்டம்!"

"அடிப்பாவி. அப்புறம்?"

"ஆணியில என் ஸ்கூல் பை. ஐடி அட்டை தொங்குது. பெரிசாக்கினா ஸ்கூல் பேரைப் படிக்கலாம்!"

"அப்புறம்?"

"ஜன்னலுக்கு வெளிய தண்ணி டேங்க். அதுல நம்ம பிளாக் எழுத்து!" எலி முட்டிபோட்டு எழுந்தேவிட்டாள். "அம்மா, இன்னொண்ணு! பேரு சொல்லக்கூடாதுன்னு சட்டம் போட்டது நீ. வீடியோவுல 'எலி எலி'ன்னு கூப்பிடுறது யாரு? நீ! சட்டத்தை மீறினது நீதான்! உன்னையத்தான் பெட்டியில வைக்கணும்!"

"வாயப் பாரு" என்றாள் அம்மா. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த கையோடு எழுந்தாள். "போதும். வேலையைப் பாப்போம். முதல்ல அவங்க எழுதினது எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடு. பேரோட. பூனை, வானவில், ரெண்டும்."

"எடுத்துட்டு பிளாக் பண்ணிடவா?"

"அப்பா எழுந்ததும் போலீஸ் ஸ்டேஷன் போறோம். அங்க கேட்டுட்டுச் செய்யலாம். அதுவரைக்கும் எதையும் அழிக்காத. பதில் மட்டும் ஒரு எழுத்துகூடப் போடாத. வீடியோ ரெண்டையும் மத்தவங்க கண்ணுக்குப் படாம மறைச்சு வை."

"ரெண்டையுமா? முதல் வீடியோவுக்கு எவ்வளவு லைக் தெரியுமா?"

"எலி."

"சரி சரி."

விரல் திரையில் தயங்கியது. பிறகு தட்டியது. கஷ்டப்பட்டுச் சேர்த்த பார்வையாளர்கள் எல்லாம் ஒரே தட்டில் போனார்கள். எலி அழவில்லை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். அம்மா அதைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

கருவிப் பையில் புது சிலிண்டர் ஒன்று கிடந்தது. பூட்டின் உயிரே அந்த உருளைதான். அதை மாற்றினால் பழைய சாவி வெறும் பித்தளைத் துண்டு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மா கதவு விளிம்பில் பூட்டைப் பிடித்திருந்த திருகைக் கழற்றினாள். எலி டார்ச் பிடித்தாள். மாடிப்படியில் யாராவது வருகிறார்களா என்று நொடிக்கொரு தரம் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இதைக்கூட ஒரு சின்ன வீடியோவா..."

"எலி!"

"சும்மாத்தான் கேட்டேன். மனுஷி கேக்கக்கூடாதா?"

பழைய உருளை கையோடு வந்தது. புதியது 'டக்'கென்று உட்கார்ந்தது. அம்மா புதுச் சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்தாள். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போயிற்று. கதவைச் சாத்தி உள்ளிருந்து பூட்டினாள். சாவியை உருவிக்கொண்டாள். இருவரும் கதவில் சாய்ந்து மூச்சு விட்டார்கள்.

உள்ளறையிலிருந்து குறட்டை ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

"அப்பாவுக்குப் புதுச் சாவி?"

"எழுந்தா குடுப்போம். எழுந்திரிக்கணுமே."

எலி களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடியவில்லை.

படியில் காலடிச் சத்தம்.

மெதுவாக, ஓசைப்படாமல் ஏறுகிற காலடி. சாதாரணமாக வருகிறவன் அப்படி ஏறமாட்டான். மேல்மாடிக்குப் போகும், போகும் என்று இருவரும் காத்திருந்தார்கள். போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

அழைப்பு மணி அடிக்கவில்லை. கதவைத் தட்டவில்லை.

பூட்டுக்குள் ஒரு சாவி நுழைந்தது.

எலி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அம்மா சத்தமில்லாமல் குனிந்து கருவிப் பையிலிருந்த சுத்தியலை எடுத்தாள். சாவி திரும்ப முயன்றது. முடியவில்லை. வெளியே எடுக்கப்பட்டது. மறுபடி நுழைந்தது. மறுபடி முடியவில்லை.

"அப்பாவை எழுப்பவா?" எலி காற்றுக் குரலில் கேட்டாள்.

அம்மா உதட்டில் விரல் வைத்தாள். பிறகு கதவில் காதை வைத்தாள். அவள் முகம் மாறியது.

நல்ல சாவி பூட்டுக்குள் போகும்போது சத்தம் போடாது. இது போட்டது. கரகரவென்று, பூனை நகத்தால் தகரத்தைப் பிறாண்டுகிற மாதிரி. இப்போதுதான் வெட்டிய சாவி. ஓரத்தில் பிசிறு அப்படியே நிற்கிறது. அரம் தொட்டே இருக்காது.

இந்த ஊரில் இவ்வளவு கேவலமாகச் சாவி போடுகிற ஆள் ஒருத்தன்தான்.

அம்மா சுத்தியலை இறக்கினாள். தொண்டையைத் திறந்தாள்.

"காலையிலதானேடா சொன்னேன்! பிசிறை எடுடா எடுடான்னு எத்தனை தடவை சொல்றது? வாங்கிக்குடுத்த அரம் என்ன, கடையில அழகுக்கா இருக்கு?"

வெளியிலிருந்து ஒரு சின்னக் குரல்.

"...அக்கா?"

கதவு திறந்தது. வக்கீல் நின்றான். கையில் பளபளவென்று புதுச் சாவி. முகத்தில், பரீட்சையில் பிட் அடித்து மாட்டிய களை.

"நீ எப்படி... ஏன் திறக்கல?" என்று பூட்டைப் பார்த்துக் கேட்டான்.

"பூட்டை மாத்திட்டோம்" என்றாள் எலி, அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"எப்போ?"

"இப்பத்தான். மாமா, நீங்களா? வெள்ளைப்பூனை நீங்களா?"

வக்கீலுக்கு உயிர் திரும்பியது. வாதம் செய்ய ஒரு இடம் கிடைத்துவிட்டதே. "ஆமா, நான்தான்! அக்கா, நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? எவன் கேட்டாலும் குடுத்துடுவான்னு! கேட்டேன், குடுத்துட்டா! அந்த வீடியோவைப் பாத்துதான் இந்தச் சாவி போட்டேன். திறந்துக்கிட்டு உள்ள வந்து, இந்தா பாருன்னு உன் முன்னால நிக்கலாம்னு..."

"நின்னியா?"

"இல்ல."

"ஏன்?"

"பூட்டு மாறிடுச்சு."

"ஏன் மாறிச்சு? இவ வந்து சொன்னா, அதனால மாறிச்சு. உன் கேஸ் தோத்துப்போச்சு. சாவியைக் குடு."

அம்மா அந்தச் சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

அதற்குள் எலி குதிக்க ஆரம்பித்திருந்தாள். "ஐயோ மாமா! நான் எப்படிப் பயந்துட்டேன் தெரியுமா? அப்ப வானவில் அக்காவும் நீங்கதானா? நாளைக்கு வீடியோ கால் வர்றேன்னு... ச்சே! வந்திருந்தா உங்க மூஞ்சிதான் தெரிஞ்சிருக்கும்! நான் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன்!"

"எந்த அக்கா?" என்றான் வக்கீல்.

"நடிக்காதடா" என்றாள் அம்மா. ஆனாலும் கோபம் வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மகள் குதிப்பதைப் பார்த்தபோதுதான் அவன் செய்த வேலை முழுதாக உறைத்தது. "இதைப் பாத்தியா? இனிமே எவன் வந்து இவகிட்ட நைச்சியம் பேசினாலும், மாமா விளையாடுறாருன்னு சிரிக்கப்போறா. பாதுகாக்கிறேன்னு சொல்லி இவ கையில இருந்த ஒரே பயத்தையும் பிடுங்கிட்டியேடா. பொய்ப்பேருல வந்து பிள்ளையை ஏமாத்துற ஆளு எனக்கு வேணாம். போ. வெளியே போ."

"அக்கா, நான் நல்லதுக்குத்தான்..."

"போன்னேன்!"

அவன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு பின்னோக்கி நடந்து வாசற்படியைத் தாண்டினான். உள்ளறைக் கதவு திறந்து அப்பா தலையை நீட்டினார், பாதிக் கண்ணோடு.

"என்ன சத்தம்?"

"பூட்டை மாத்தினோம்" என்றாள் எலி.

"எனக்கு ஒரு சாவி வை" என்று சொல்லிவிட்டு அப்பா திரும்பப் படுக்கப் போனார்.

அப்போது டேப்லெட் 'டிங்' என்றது.

எலி சிரித்துக்கொண்டே அதை எடுத்தாள். படித்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"அம்மா."

"என்ன?"

"வானவில் அக்கா."

அம்மா வாங்கிப் பார்த்தாள். 'என்ன செல்லம், பதிலே காணோம்? இன்னிக்கு அம்மா வீட்ல இருக்காங்களா?'

அம்மா நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே இன்னும் கையைத் தூக்கியபடி நின்றான். பத்து விரலும் வெறுமையாக விரிந்திருந்தன. போன் சட்டைப் பையில், திரை இருட்டாக.

எலியும் அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தியமா நான் இல்லக்கா" என்றான் வக்கீல். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டான்.

"அம்மா, நான் இன்னும் பதில் போடல" என்றாள் எலி. "ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறேன்."

அம்மா படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். மேலே ஒருத்தரும் இல்லை. கீழேயும் இல்லை. தம்பியின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

அவனுக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. புதுச் சாவி இரண்டு சுற்று திரும்பியது, துளிக் கரகரப்பு இல்லாமல்.